இரண்டு வெற்று வரிகள்

மென்பொருள் எழுதுகிறவர்களில் கருவிகளைப் பற்றிக் கருத்து இல்லாதவர் யாருமில்லை. எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. எடிட்டர் சரியில்லை, லேப்டாப் சரியில்லை என்று புலம்புகிறவர்களைப் பார்த்தால், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான் நினைவுக்கு வரும். ஆனால் ஃபார்மேட்டர் மட்டும் கட்டாயம் வேண்டும் என்பேன். யார் எப்படி எழுதினாலும், சேமித்த மறுகணம் நிரலை ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிடும் கருவி அது.

அவனுக்கு அது பிடிக்காது. பிரிக்பீல்ட்ஸில், வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் அவன் என் பக்கத்து மேசைக்காரன். இருவருக்கும் வீடு கிள்ளானில், காலையில் ஒரே கொமுட்டர் ரயில். நாலைந்து வரிக்கு ஒருமுறை இரண்டு வரிகளை வெறுமையாக விட்டு எழுதுவான்.

"எதுக்கு இவ்ளோ காலி இடம்? பந்து விளையாடவா?" என்பேன்.

"படிக்கிறவனுக்கு மூச்சு வேணும்லா. நீ எழுதுறதப் படிச்சா எனக்கு இளைக்குது."

ரயில் சுபாங் ஜெயாவைத் தாண்டும்வரை இதே சண்டை. பிறகு ஆளுக்கொரு பக்கம் கண்ணை மூடிக்கொள்வோம். மழை நாட்களில் கண்ணாடிக்கு வெளியே கிடங்குக் கூரைகளும் அடுக்குமாடித் துணிகளும் கரைந்து போகும். பாதித் தூக்கத்தில், அவன் எழுதிய வரிகள் தண்டவாளத்து ஓரமாகக் கூடவே வருவது தெரியும். கொஞ்சம் எழுத்து, கொஞ்சம் வெறும் இடம், மறுபடி எழுத்து.

போன மழைக்காலத்தில் டிங்கிக் காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. எனக்கு அவன்மேல் இன்னும் கோபம் தீரவில்லை. அவன் மேசையில் இப்போது பிரிண்டர் இருக்கிறது.

சில மாதங்கள் கழித்து, என்னைவிட வயதில் சின்னவளான எங்கள் குழுத் தலைவி வந்தாள்.

"அக்கா, ஃபார்மேட்டர் போட்டுடலாம்னு எல்லாரும் ஓகே சொல்லிட்டாங்க. நீங்கதானே ரொம்ப நாளா கேட்டீங்க? நீங்களே ரன் பண்ணிடுங்கலா."

கேட்டது நான்தான். எதிர்த்த ஒரே ஆள்தான் இல்லை.

ஒரு வரியைக் கடைசியாகத் தொட்டவர் பெயரைத் திரை பக்கத்திலேயே காட்டும். கருவியை ஓட்டினால் அவன் வரிகளிலெல்லாம் என் பெயர் வந்து உட்காரும். அதற்கு ஒரு வழி உண்டு. இந்த ஒரு மாற்றத்தைக் கணக்கில் எடுக்காதே என்று எழுதிவைத்துவிட்டால் பழைய பெயர்கள் அப்படியே இருக்கும். வெற்று வரிகளைக் காப்பாற்றத்தான் வழியில்லை. அடுத்தடுத்து இருப்பதை அது ஒன்றாக்கிவிடும்.

கீழ்க்கடையிலிருந்து ரசம் கொதிக்கும் வாசம் வந்தது. பொத்தானை அழுத்தினேன். கூட்டம் ஏறும்போது ரயிலுக்குள் ஆட்கள் நகர்ந்து நெருங்குவதுபோல, அவன் எழுதியதெல்லாம் மேலேறி நெருங்கிக்கொண்டது. நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனைகள் எல்லாம் பச்சை காட்டின. எதுவும் உடையவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போதும் ஃபார்மேட்டர் வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் காலை ரயிலில் லேப்டாப்பைத் திறந்தால், நாலைந்து வரிக்கு ஒருமுறை கை தானாக இரண்டு வரிகளைக் காலியாக விடுகிறது. சேமித்தால் போய்விடும் என்று தெரியும். சுபாங் ஜெயா வரும்வரை சேமிப்பதில்லை.