ஸ்டெல்லா அக்கா பேசாத மாநாடு

பொய் சொன்னேன். "ஸ்டெல்லா அக்கா பேச வரமாட்டேன்னு சொல்லிட்டாவ" என்று மாநாட்டுக் குழுவில் நான் சொன்னது பச்சைப் பொய். அவரை நான் அழைக்கவே இல்லை!

நெய்யாற்றின்கரையில் படகுப் பாதுகாப்பு மாநாடு. பேச்சாளரைத் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. அதில் எனக்கொரு கிறுக்கு உண்டு. யாரை அழைப்பதானாலும் முதலில் அவர் வீட்டுக்குப் போவேன். பால் சேர்க்காத கட்டன்சாயா குடித்துக்கொண்டே, என்ன பேசப் போகிறார் என்று துருவித் துருவிக் கேட்பேன். "வாயைக் கிண்ட வந்துட்டான்" என்று ஊரே கேலி செய்யும். அப்படிப்பட்ட நான் அக்காவின் வீட்டுப் படியை மட்டும் ஏன் மிதிக்கவில்லை?

சொல்கிறேன், கேளுங்கள். ஆறு கடலில் சேரும் பூவார் பொழிமுகத்தில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து, அதில் வேலை பார்த்த அக்காவின் கணவர் இறந்துபோனார். படகு என் தங்கை கணவர் சேவியருடையது. மிதவைச் சட்டை கொடுக்காமல் ஆளைக் கொன்றுவிட்டான் என்று கரை முழுவதும் பேச்சு. அதன் பிறகு சேவியர் படகில் ஏற ஆளில்லை. அக்கா மேடையேறினால் மச்சானைச் சபிப்பார் என்று நானே முடிவுகட்டினேன்... தங்கை மேல் பாசமா? குடும்ப மானமா? எனக்கே இன்னும் பிடிபடவில்லை.

அக்காவுக்குப் பதிலாக ஓர் ஓய்வுபெற்ற அதிகாரி வந்தார். திரையில் படம் காட்டினார். என்ன அழகான மலையாளம்! தமிழ் பேசும் நம் ஆட்கள் கொட்டாவி விட்டார்கள்.

கொஞ்ச நாளில் மச்சான் படகை விற்றுவிட்டு வளைகுடாவுக்குக் கூலிவேலைக்குப் போனார். அதன் பிறகுதான் அக்கா என்னைச் சந்தையில் மறித்தார்.

"எலே மக்கா, என்னையும் பேசக் கூப்பிடுவியன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

நழுவத்தான் பார்த்தேன். ஆனாலும் அந்தப் பாழாய்ப்போன ஆவல்!

"என்ன பேச நெனச்சிய அக்கா?"

"உனக்க மச்சான் சட்டையை எடுத்து எனக்க மாப்பிள்ளை கையில கொடுத்தான். கரையில நின்னு நான் பாத்தேன். இவரு கேட்டாரா? கடல்ல பெறந்தவனுக்கு எதுக்குலே சட்டைன்னு சுருட்டி, அதுமேல ஏறி உக்காந்தாரு. நம்ம ஆம்பிளையளுக்கு அதப் போடுதது கொறச்சலாக்கும்! சாவு வீட்டுல எனக்கு நாக்கு எழும்பல்ல. எல்லாரும் கூடுத எடத்துல சொல்லி, சேவியருக்க பழியைத் தீத்துரணும்னு இருந்தேன்."

ஒரே ஒரு கேள்வி! ஊரிலுள்ள அத்தனை பேரிடமும் கேட்டவன், அவரிடம் கேட்கவில்லையே... கேட்டிருந்தால் மச்சான் இங்கேயே இருந்திருப்பாரோ?

தங்கையிடமாவது சொல்லியிருக்கலாம் என்கிறீர்களா? நேற்று அவளே பேசினாள்.

"ஸ்டெல்லா அக்காவுக்கு எங்க மேல அவ்வளவு பகையா அண்ணா? ஒரு வாக்கு பேசக்கூட வரமாட்டேன்னு சொன்னாவளே..."

நான் வாயைத் திறந்தேன்.

"இருக்கும் மக்கா" என்றேன்.