நம்பர் வெட்டிய குழல்

அன்றைக்குச் செக்கடியில் இருந்தவர்கள் நாலு பேர்தான். சவுக்குத் தோப்பு முதலாளி, செக்குக்கார பாய், என் அக்கா புருஷனான மாமா, அப்புறம் அவர் வீட்டோடு இருந்த நான். நடுவில் ஒரு கயிற்றுக் கட்டில். அதில் துணி விரித்து, நோயாளியைக் கிடத்தினது போலத் துப்பாக்கியைக் கிடத்தியிருந்தார்கள். வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி. சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் செங்கல்பட்டுத் தாலுகா ஆபீசில் பேரைப் பதிந்து, குழலில் நம்பர் வெட்டிக்கொள்ள வேண்டும் என்று முந்தின நாள்தான் தண்டோரா போட்டிருந்தார்கள்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலோரம் எங்கள் ஊர். வேர்க்கடலை காய் பிடித்தால் பன்றி இறங்கிவிடும். மூன்று வீடும் பணம் போட்டு வாங்கிய அந்த ஒரு துப்பாக்கி, வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்துச் சுற்றி வரும். யார் முறை என்று கேட்பார்களே தவிர, யாருடையது என்று அதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. சர்க்காருக்கோ ஒரே ஒரு பேர் வேண்டியிருந்தது.

"இன்னிக்கு நம்பர் வெட்டுவான். நாளைக்கு எங்கனா கலாட்டான்னா, நம்பர் எவன் பேர்ல கீதோ அவன் வூட்டுக்குத்தான் மொதல்ல வருவான்" என்றார் பாய். "வரி போடுவான், அப்பால புடுங்கிக்குவான். மணல்ல பொதைச்சிடலாம்" என்றார் முதலாளி. "பொதைச்சா கடலைக் கொல்லையை யார் காக்கறது? நான் துன்னாத பன்னிக்கு டப்பு குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று பாய் தலையில் அடித்துக்கொண்டதும் எல்லோரும் சிரித்தோம்.

எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். சர்க்கார் காகிதம் என்றாலே இரண்டடி தள்ளி நிற்பேன். "ஒருத்தர் பேர்ல எழுதிட்டா, மத்தவங்க கையில இருக்கறப்ப எதுனா ஆச்சுன்னா?" என்று கேட்டேன். "இவன் பொறக்கும்போதே பயந்துகினு பொறந்தவன்" என்றார் முதலாளி. பிறகு மாமா பக்கம் திரும்பி, "மருந்து கெட்டிக்கறது நீ, எண்ணெய் போடறது நீ. உம் பேர்லயே எழுதிக்கயேன்" என்றார். குரலில் வெல்லம் ஒழுகியது.

மாமாவின் முகம் மலர்ந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை. விளைச்சலில் பங்கு தருவதாக வாரத்துக்கு எடுத்த அரைக்காணியைத் தவிர அவருக்கு வேறு நிலமில்லை. எந்தப் பட்டாவிலும் அவர் பேர் ஏறியதில்லை. செங்கல்பட்டிலிருந்து திரும்பி வந்தவர், குழலில் வெட்டிய நம்பரைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தார். "சர்க்கார்ல நம்ப பேரு கீது மச்சான். நாளைக்கு எம் புள்ள கேட்டு வாங்கிக்குவான்."

பேர் ஒருத்தருக்கு ஆயிற்று. முறை மட்டும் நிற்கவில்லை, பழையபடியே சுற்றியது. எங்களில் ஒருத்தருக்காவது நிறுத்தத் தோன்றவில்லை.

மறு வருஷம் தோப்பு முதலாளியின் முறை. விடியும் நேரம், சவுக்குச் சருகு வார வந்த குப்பத்துப் பெண் ஒருத்தி குனிந்திருந்தாள். சலசலப்பைப் பன்றி என்று நினைத்து முதலாளியின் மகன் சுட்டுவிட்டான். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போன வண்டி திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் அவள் உயிர் போய்விட்டது. போலீஸ் வந்தபோது துப்பாக்கி எங்கள் வீட்டில்தான் இருந்தது. எப்படி வந்தது என்று கேட்கிறீர்களா? விடிந்ததும் முதலாளியின் ஆளே கொண்டுவந்து சார்த்திவிட்டுப் போனான். போலீஸ் தாலுகா ஆபீஸ் பதிவில் பேரையும் நம்பரையும் பார்த்தது, நேரே வந்தது.

மாமா ஒளிக்கவில்லை. "முறைக்குக் குடுத்தேங்க" என்றார். முறை என்று சொன்னால் போதும், உலகத்துக்கே புரியும் என்று நம்பினார். லைசென்ஸ்காரன் துப்பாக்கியை இன்னொருத்தன் கையில் கொடுத்ததே குற்றம் என்று கோர்ட்டில் சொன்னார்கள். தோப்புக்காரர்களோ அதைத் தொட்டதே இல்லை என்று சத்தியம் பண்ணினார்கள். பாய் ஒருத்தர்தான் கூண்டேறி உள்ளதைச் சொன்னார். எடுபடவில்லை. கொடுத்ததற்கும் சுட்டதற்கும் சேர்த்து மாமாதான் உள்ளே போனார். செத்தவளின் அம்மா கோர்ட்டு வாசலில் மாமாவைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள். அவளுக்குச் சொன்ன பேர் அதுதானே.

சிறையிலிருந்து இருமலோடு திரும்பினார். துப்பாக்கி திரும்பவில்லை. அதைக் கிடத்தியிருந்த கட்டிலை பாய் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அடுத்த மழைக்காலத்தில் கண்ணை மூடும்வரை மாமா அதில் கிடந்தார். கட்டைவிரல் மட்டும் கட்டில் சட்டத்தைத் தடவிக்கொண்டே இருக்கும்.

கட்டில் இன்று என் வீட்டில் இருக்கிறது, கயிறு மாற்றியாயிற்று. துப்பாக்கி பொது, அதனால் வக்கீல் செலவும் பொது என்று மாமா கைதான அன்றே மூன்று வீட்டாரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள். மாமாவின் பங்குக்கு அக்காவின் கம்மல் போயிற்று. பாய் தன் பங்கை எண்ணெயாகவே கொடுத்துத் தீர்த்தார். தோப்பு முதலாளியின் பங்கு நாற்பது ரூபாய் இன்னும் வரவில்லை.