பூவிழிக்குக் கைவர எத்தனை நாளானது

ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில், வயலைப் பார்த்த மாடி அறையில் உட்கார்ந்து அரிசி ஆலைகளுக்கு மென்பொருள் எழுதுகிறவள் பூவிழி. கம்பெனி சென்னையில். நெல்லின் ஈரத்தை அளந்து உலர்த்தியின் சூட்டை ஏற்றி இறக்குவது அவள் எழுதிய நிரல்தான்.

வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்த சமயம், கம்பெனி எல்லாருக்கும் ஏஐ கொடுத்தது. இன்னது வேண்டும் என்று சொன்னால் அதுவே நிரல் எழுதிவிடும்.

"ஒரு வாரத்துல பழகிடும்க்கா," என்றான் கூட வேலை பார்க்கும் ஃபாஜில், போனில்.

முதல் நாட்கள் சொக்க வைத்தன. ஒரு வரி தட்டினால் திரை முழுக்க எழுத்து பொழிந்தது. வெளியே நாற்றங்காலில் காற்று அலையலையாக ஓட, உள்ளே வரிகள் ஓடின. படிக்கத் தோன்றவில்லை, கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கத்தான் தோன்றியது.

அப்படிக் கிறங்கி அனுப்பிய ஒன்று சோதனையில் சிக்கியது. ஈர நெல்லைக் காய்ந்ததென்று நம்பி உலர்த்தியை நிறுத்திவிட்டது. ஆலைக்குப் போகுமுன் பிடித்துவிட்டார்கள் என்றாலும் அவள் முகம் சுண்டிப்போனது. அதன்பின் வரிக்கு வரி சந்தேகம். தானே எழுதினால் மதியத்தில் முடிகிற வேலை, பொழுது சாய்ந்தும் முடியவில்லை.

"பழையபடி நீயே எழுதிட்டுப் போயேன்," என்றான் கணவன் அறிவுச்செல்வன்.

"எழுதலாங்க. ஆனா இது எதுல தடுக்கி விழும்னு இன்னும் பிடிபடலையே."

குறுவை அறுப்பு முடிந்து, ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு மதியம். கரண்ட் இல்லை, லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. பாதித் தூக்கத்தில், தன்னையறியாமல் தமிழிலேயே தட்டினாள்: 'நெல்லு காஞ்சுதான்னு தெரியலைன்னா நீயா முடிவு பண்ணாத. என்னைக் கேளு.'

அது கேட்டது. ஈரம் அளக்கும் கருவியே அளவு எதுவும் சொல்லாமல் போனால் உலர்த்தி என்ன செய்யவேண்டும்?

இத்தனை வருஷத்தில் அவளுக்கே தோன்றாத கேள்வி. மழைச் சத்தத்தினூடே அதற்கான விடையை நோட்டில் எழுதிப் பார்த்தாள். பிறகு, நிரல் நடக்கவேண்டியபடி நடக்கிறதா என்று பார்க்கும் சோதனையை முதலில் தானே எழுதினாள். நிரலைத் துண்டு துண்டாக அதனிடம் வாங்கி, ஒவ்வொன்றையும் படித்துவிட்டே சேர்த்தாள்.

நாட்கள் அப்படியே நழுவின. எதைக் கொடுப்பது, எதைத் தன் கையிலேயே வைத்துக்கொள்வது, வழவழவென்று வரும் வரிகளை எங்கே நிறுத்திப் பார்ப்பது என்பதெல்லாம் எப்போது பிடிபட்டது என்று அவளுக்கே தெரியாது.

தை மாதம் ஃபாஜில் கூப்பிட்டான். "அக்கா, புதுசா சேர்றவங்களுக்கு ஏஐ ட்ரெயினிங். ரெண்டு நாள் போதுமான்னு கேக்குறாங்க."

"உனக்கு எவ்வளவு நாளாச்சு?"

"நெசமா சொல்லணும்னா, அது எழுதுறதுல பாதியை நான் இன்னும் அழிச்சிட்டுத்தாங்க்கா இருக்கேன்."

பூவிழி சிரித்துவிட்டாள். "அப்ப ஆறு மாசம்னு போடு. ஆரம்பத்துல வேலை மெதுவாத்தான் நடக்கும்னும் எழுது."

மேலிடம் பேரம் பேசி மூன்று மாதத்துக்கு ஒத்துக்கொண்டது. சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு அவளுக்கே வந்தது. சம்பா அறுக்கும் மெஷின் பின்னால் கொக்குகள் இறங்கிக்கொண்டிருந்தன. முதல் வகுப்பில் ஏஐ எழுதிய எந்த நிரலை உடைத்துக் காட்டலாம் என்று அவற்றைப் பார்த்தபடியே யோசித்தாள்.