ஜரிகை வெள்ளியில் அப்பாவின் முகம்

நான் கெமிஸ்ட்ரி படித்தவள். ஜரிகையில் எவ்வளவு வெள்ளி இருக்கிறது என்று சோதித்துச் சொல்வது என் வேலை. அந்த மருந்துகள் பட்டு விரல் நுனிகள் எப்போதும் கறுத்தே இருக்கும்.

ஃபிலிம் வருவதற்கு முன்பு, போட்டோ எடுத்தவர்கள் வெள்ளியை ஆசிட்டில் கரைத்து, காகிதத்தில் தாங்களே பூசி, வெயிலில் காட்டிப் படம் எடுத்தார்கள்; அவர்கள் விரல்களும் கறுத்தே இருக்குமாம். அதை எங்கோ படித்த அன்றே எனக்கும் ஆசை வந்துவிட்டது. என் விரலில் இருப்பதும் அதே கறைதானே!

அம்மாவின் கல்யாணப் புடவை மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது. அதை நெய்தவர் அப்பா. கேட்டதும் அம்மா கொடுத்துவிட்டார். அப்பாதான் முறைத்தார்.

“நான் நெய்ஞ்சத கொளுத்தப் போறியாமா?”

“கொளுத்தி, அதுலயே உன் முகத்த எடுக்கப் போறேன்பா.”

செவிலிமேட்டு வீட்டு மொட்டைமாடியில் புடவையின் ஜரிகைக் கரையை எரித்து, மிஞ்சிய வெள்ளியை ஆசிட்டில் போட்டேன். செந்நிறப் புகை எழும்பியது.

“இன்னாமா, மாடில எதுனா பத்திக்கினு எரியுதா?” என்று பக்கத்து வீட்டு அக்கா கத்தினார்.

கரைசல் நீலமாக இருந்தது. ஜரிகையில் செம்பும் கலந்திருக்கிறது. அவசரத்தில் அப்படியே காகிதத்தில் பூசி, பிளாஸ்டிக் தாளில் அச்சடித்த அப்பாவின் நெகட்டிவை மேலே வைத்து வெயிலில் காட்டினேன். அப்பாவின் முகம் திட்டுத்திட்டாக விழுந்தது. “அம்மை போட்ட மாரி இருக்குது,” என்று அவர் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

மறுவாரம் கரைசலில் செம்புத் தகட்டைத் தொங்கவிட்டேன். வெள்ளி மட்டும் பஞ்சுபோல் அதில் வந்து ஒட்டியது. கழுவி மறுபடி கரைத்தபோது தண்ணீர்போல் தெளிந்திருந்தது. உப்புநீரில் நனைத்து உலர்த்திய காகிதத்தில் அதைப் பூசி, அதே நெகட்டிவை மேலே வைத்து வெயிலில் நீட்டினேன். கொஞ்சம் கொஞ்சமாக நெற்றி, மூக்கு, மீசை எல்லாம் பழுப்பு நிறத்தில் எழும்பின. மேலும் கறுத்துவிடாமலிருக்க மருந்தில் கழுவிக் காயவைத்து அவரிடம் கொடுத்தேன்.

அப்பா படத்தை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, படத்தோடு சைக்கிளில் சின்ன காஞ்சிபுரத்துக்குக் கிளம்பிவிட்டார். தறிக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் காட்டி, “என் பொண்ணு செஞ்சதுபா. இதுல இருக்கிறது நம்ம ஜரிகை வெள்ளி,” என்றாராம்.

அடுத்த ஞாயிறு காலை ஓர் அம்மாள் கிழிந்த பட்டுப் புடவையோடு வாசலில் நின்றார். “எங்க வீட்டுக்காரர அதே மாரி எடுத்துத் தருவியாமா?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

“தருவா. உள்ள வந்து உக்காரும்மா.”