பஸ்ஸுக்குள் மாட்டிக்கொண்ட பாடகர்

எண்பதுகளின் நடுவில், துபாயில் ஒரு கட்டுமானக் கம்பெனியில், கான்கிரீட் கொட்டப் பலகை அடைக்கும் ஷட்டரிங் கார்பெண்டராக நான் இருந்தபோது நடந்தது இது. அப்போது எங்கள் சைட், அல் அய்ன் சாலையிலிருந்து பிரிந்து பாலைவனத்துக்குள் போகும் ஒரு மண் பாதையின் கடைசியில் இருந்தது. ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி கட்டிக்கொண்டிருந்தோம். நாங்கள் தங்கியிருந்த கேம்ப்பிலிருந்து போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம்.

எங்களைச் சுமந்துபோன பஸ்ஸைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அதில் ஹாரன் அடிக்காது. ஜன்னல்கள் திறக்காது, தப்பித்தவறி ஒன்று திறந்துவிட்டால் பிறகு மூடாது. இந்த லட்சணத்தில், எங்கள் மேல் இரக்கப்பட்ட கம்பெனி மெக்கானிக், பழைய இரும்புக்குப் போகவிருந்த ஏதோ ஒரு வெள்ளைக்காரர் காரிலிருந்து டேப் ரெக்கார்டரைக் கழற்றிக்கொண்டு வந்து இதில் மாட்டிவிட்டார். உள்ளே ஒரு கேசட் கிடந்ததை மனிதர் கவனிக்கவில்லை.

அந்த கேசட் வெளியே வர மறுத்துவிட்டது. சத்தத்தைக் குறைக்கும் திருகும் உடைந்திருந்தது. சாவியைத் திருகினால் பாட்டு ஆரம்பிக்கும். சாவியை எடுத்தால்தான் நிற்கும். ஒரு பக்கம் முடிந்ததும் தானாகவே 'டக்' என்று மறுபக்கத்துக்கு மாறிக்கொள்ளும். வயரைப் பிடுங்கிவிடலாம் என்றால், மெக்கானிக் அதை வைப்பர் வயரோடு சேர்த்து முடிந்துவைத்திருந்தார். எங்கள் டிரைவர் பெஷாவர் பக்கத்துப் பட்டாணியர். ஆறடி உயரம், கோபக்காரர். "கேசட் பந்த், வைப்பர் பந்த்! மாஃபி!" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். கேசட்டை நிறுத்தினால் வைப்பரும் நின்றுவிடும், முடியாது என்று அர்த்தம். பனிக்காலத்தில் வைப்பர் இல்லாமல் ஓட்ட மாட்டாராம்.

பாடகர் யார் என்று எங்களுக்குத் தெரியாது. பாடும்போது நடுநடுவே அவருக்கு விக்கல் வரும். வார்த்தையை நாலாக உடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு விக்கல் வைப்பார். ஒரு பாட்டில் யார் காலிலோ ஆணி ஏறியதுபோல நீளமாக ஓர் அலறல் வேறு. என் பக்கத்து ஸீட்டில் உட்காரும் ஸ்டோர் கீப்பர் யாழ்ப்பாணத்துக்காரர், இங்கிலீஷ் நன்றாகப் படித்தவர். ஒருநாள் டார்ச் அடித்து, கேசட் மாட்டியிருந்த இடுக்குக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"இது ராக் அண்ட் ரோல், ஐசே. ஐம்பதுகளில வந்தது. அந்தாள் பாடினதில தெரிஞ்செடுத்த பாட்டுகள் எண்டு போட்டிருக்கு. பேர் மட்டும் உள்ளுக்க மறைஞ்சு போட்டுது."

"தெரிஞ்செடுத்ததே இப்படின்னா, கழிச்சுப் போட்டதெல்லாம் எப்படிண்ணே இருந்திருக்கும்?" என்றேன். எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மாதக்கணக்கில் அதே பாட்டுகள். விக்கல் பாட்டு முடிந்தால் செக்போஸ்ட், அலறல் பாட்டு வந்தால் மண் பாதை என்று வழியே அந்தக் கேசட்டால்தான் தெரிந்தது. பஸ்ஸில் மலையாளி, பெங்காலி, தெலுங்கர், பஞ்சாபி எல்லோரும் இருந்தோம். மற்றவர்கள் சபித்துக்கொண்டே பழகிவிட்டார்கள். எனக்கு மட்டும் பழகவில்லை. தூக்கத்தில் நான் விக்குவதாக ரூமில் புகார் வந்த பிறகு, டிரைவரை விடாமல் நச்சரிக்க ஆரம்பித்தேன். கடைசியில் ஒரு ஜூன் மாதக் காலையில் அவர் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டு, "கலாஸ், பாய்! ஆஜ் ஷாம் கோ தோட் தேகா!" என்றார். இன்று சாயங்காலம் உடைத்தே விடுகிறேன் என்று அர்த்தம். அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மத்தியானம் காற்று கிளம்பியது. ஃபோர்மேன் வேலையை நிறுத்தி எங்களைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார். மண் பாதையில் பாதி தூரம்கூட வந்திருக்க மாட்டோம், மணல் புயல் வந்து மூடிவிட்டது. முன்னால் பாதையும் இல்லை, வானமும் இல்லை. எல்லாம் ஒரே மஞ்சள். டிரைவர் பஸ்ஸை நிறுத்தினார். இன்ஜினுக்குள் மணல் போய்விடும் என்று சாவியையும் எடுத்துவிட்டார். பாட்டு நின்றது. யாரும் இறங்கக்கூடாது என்று எல்லோருக்கும் விரலை ஆட்டிச் சொன்னார்.

எனக்கோ ஒன்றுக்கு வந்து வயிறு வெடித்துவிடும் போலிருந்தது. வெயிலுக்குப் பயந்து அன்று குடம் குடமாகத் தண்ணீர் குடித்திருந்தேன். கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன், முடியவில்லை. துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு, "இதோ வந்துடறேண்ணே" என்று ஸ்டோர் கீப்பரிடம் சொல்லிவிட்டு, டிரைவர் திரும்புவதற்குள் பின்பக்கக் கதவு வழியாக இறங்கிவிட்டேன்.

பஸ்ஸின் சக்கரத்தோரமாகவே காரியத்தை முடித்திருக்கலாம். நீட்டிய கையே கண்ணுக்குத் தெரியாத புயலில் என்னை யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் நம் ஊர்ப் பழக்கம் விடுமா? ஒரு பஸ் நிறைய ஆட்கள் இருக்கிறார்களே, கொஞ்சம் மறைவாகப் போகலாம் என்று தள்ளிப் போனேன். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனேன். காற்றுக்கு முதுகு காட்ட வேண்டுமே என்று ஒருமுறை திரும்பி நின்றேன், பிறகு காற்றே திசை மாறியதால் இன்னொரு முறை திரும்பினேன். முடித்துவிட்டு நிமிர்ந்தால் பஸ்ஸைக் காணோம்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. நாலு எட்டு வைத்தேன், இல்லை. வேறு பக்கம் நடந்தேன், இல்லை. கத்தினேன். வாயைத் திறந்ததும் மணல்தான் உள்ளே போனது, சத்தம் வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு சிரிப்பு போய்விட்டது. பாலைவனத்தில் வழி தவறியவர்களைப் பற்றி கேம்ப்பில் எத்தனையோ கேட்டிருக்கிறேன். அவர்களெல்லாம் எதிர்ப்பக்கம் நடந்து போனவர்கள். ஊரில் எனக்கு இன்னும் முகம் பார்க்காத ஒரு பெண் குழந்தை இருந்தது. லீவுக்கு இரண்டு மாதம்தான் பாக்கி. அதைவிடக் கேவலமாக இன்னொன்றும் மனதில் ஓடியது: வீட்டுக்கு கம்பெனி என்னவென்று தந்தி அடிக்கும்? 'ஒன்றுக்குப் போனவர் திரும்பவில்லை' என்றா? என் மனைவி அதை எப்படி நாலு பேரிடம் சொல்லி அழுவாள்? நான் அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அப்போதுதான் எங்கிருந்தோ ஒரு விக்கல் கேட்டது.

எனக்குத்தான் பிரமை என்று நினைத்தேன். மறுபடியும் விக்கல். கூடவே கிடார். என் முதுகுப் பக்கமிருந்து வந்தது. நான் நடக்க இருந்ததோ நேர் எதிர்ப்பக்கம்! எழுந்து அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். என் ஜென்மத்தில் யாருடைய பாட்டையும் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. பாட்டு நின்றுவிட்டது. ஐயோ, அந்தப் பக்கம் முடிந்துவிட்டது! 'டக்' என்று மாறி, அலறல் பாட்டு ஆரம்பிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். அசையாமல் நின்றேன்.

அந்த இடைவெளியில் கேட்டது வேறு ஒரு சத்தம். அலறல்தான், ஆனால் அந்தப் பாடகர் குரல் இல்லை. ஒரு பஸ் நிறைய ஆட்கள் சேர்ந்து அலறினார்கள். அடுத்த பாட்டு எது என்றுதான் எல்லோருக்கும் மனப்பாடமாயிற்றே, கேசட்டுக்குக் காத்திருக்காமல் அவர்களே ஆரம்பித்துவிட்டார்கள். அர்த்தம் தெரியாத இங்கிலீஷை மலையாளத்திலும் பெங்காலியிலும் பஞ்சாபியிலும் நீட்டி முழக்கினார்கள். பிறகு பாடகரும் வந்து அவர்களோடு சேர்ந்துகொண்டார். நான் ஓடினேன். ஓடிப்போய் பஸ்ஸின் தகரத்தில் நெற்றியை மோதித்தான் நின்றேன்.

யாரோ கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார்கள். நான் திரும்பி வரவில்லை என்று ஸ்டோர் கீப்பர் சொன்னதும், ஹாரன் இல்லாத அந்த பஸ்ஸில் டிரைவர் சாவியைத் திருகியிருக்கிறார். சத்தம் வெளியே போக வேண்டுமே என்று, திறக்காத ஜன்னல்களையெல்லாம் சுத்தியலால் அடித்துத் திறந்திருக்கிறார்கள். அத்தனை பேரின் கண், மூக்கு, வாய் எல்லாம் மணல். புருவம் நரைத்த கிழவர்கள் மாதிரி உட்கார்ந்து இருமிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு என் பேர்கூடத் தெரியாது.

டிரைவர் என் தோளைப் பிடித்து உலுக்கி, "பாகல்! பாகல் ஆத்மி!" என்று கத்தினார். பைத்தியக்காரன் என்று திட்டிக்கொண்டே கட்டிப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் நீர் வழிந்தது. மணலால்தான் என்று பிற்பாடு சொன்னார்.

ஸ்டோர் கீப்பர் வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டு நிதானமாகக் கேட்டார்: "எப்பிடி ஐசே, பின்னேரம் டேப்பை உடைக்கிறதோ?"

"இருக்கட்டும்ண்ணே, பாவம்" என்றேன். பஸ்ஸே சிரித்தது. ஜன்னல்கள் பிறகு மூடவே இல்லை. கேம்ப் வரும்வரை மணலும் பாட்டும் கூடவே வந்தன.

லீவுக்குக் கிளம்பும் முன் துபாய் தேரா கடைத்தெருவில் ஒரு கீழக்கரைக்காரர் கேசட் கடைக்குப் போய் அந்தத் தொகுப்பைக் கேட்டேன். "பேரு தெரியாம எப்படி தம்பி தேடுறது? பாடிக் காட்டுங்க" என்றார். நட்ட நடுக் கடையில் நின்று விக்கிக் காட்டினேன். ஒரே நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டார். அட்டையில் எண்ணெய் வழிய முடியைத் தூக்கிச் சீவிய பையன் ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். ஊரில் போட்டுக் காட்டியபோது, மடியில் குழந்தையோடு என் மனைவி கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டாள். "இதைக் கேக்கவா அவ்வளவு தூரம் போனீங்க?" என்றாள்.

அந்தப் பாட்டுகள் இன்றுவரை எனக்குப் பிடிக்கவில்லை. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கேயாவது அந்த விக்கல் குரல் கேட்டால், நான் எங்கே போய்க்கொண்டிருந்தாலும் என் கால் தானாக அந்தப் பக்கம் திரும்புகிறது. அங்கே யாரோ எனக்காக ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மணலைத் தின்றபடி பாடிக்கொண்டிருப்பது போலவே இன்னமும் இருக்கிறது.