எவர்சில்வர் குடமும் ஒரு ஓலைப் பறியும்

எழுபதுகளின் கடைசி, ஒரு மார்கழி மாதம். பழவேற்காட்டில் இறால் வாங்கும் கொட்டகை ஒன்றில், எடை போட்டு வாங்கும் வேலை எனக்குப் புதிதாகக் கிடைத்திருந்தது. வெளிநாட்டு ஏற்றுமதி சூடுபிடித்திருந்த காலம் அது. நான் ஊரிலேயே பழைய முஸ்லிம் வியாபாரக் குடும்பத்துப் பையன். கப்பலில் சரக்கு அனுப்பிய பெருமையெல்லாம் வீட்டில் பேச்சாகத்தான் மிச்சமிருந்தது. அடுப்பு எரிந்தது என் சம்பளத்தில்.

ஒரு சனிக்கிழமை மெட்ராஸிலிருந்து வந்த முதலாளி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "இன்னாய்யா வரத்து இது? ஐஸ் செலவுக்கே காணாது போலக்குதே. அடுத்த வாரமும் இப்டியே இருந்தா கொட்டகைய மூடிட்டுப் போய்க்கினே இருப்பேன்" என்றார். வேலை போய்விடுமே என்ற பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: போட்டி வைக்கலாம், அந்த வாரம் அதிக இறால் கொண்டுவருகிறவருக்குப் பரிசு தரலாம். அவருக்கும் பிடித்துப்போய், அன்றே ஒரு எவர்சில்வர் குடம் வாங்கிக் கொடுத்தார். கொட்டகை நடுவில் கயிறு போட்டு நான்தான் அதைத் தொங்கவிட்டேன். என்ன பளபளப்பு!

எங்களுக்கு இறால் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் ஏரியில் இறங்கிக் கையாலேயே தடவிப் பிடிக்கும் பெண்கள். வலை கிடையாது, படகு கிடையாது. குடத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். "இன்னா பாய், கொடத்தக் காட்டி எங்கள ரேஸ் குதிரையாட்டம் வெரட்டப் போறியா?" என்று ஒருத்தி கேட்டாள்.

சிரித்தார்களே தவிர, திங்கட்கிழமையே வரத்து ஏறிவிட்டது. மறுநாளும் ஏறியது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், எடையில் முன்னால் நின்றவள் நான் எதிர்பார்த்த ஆளே இல்லை. ஊதினால் பறந்துவிடுகிற மாதிரி ஒல்லியான ஒரு பெண். அந்த வாரம் அவள் கொட்டகைக்கு வருவதுகூட இல்லை. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி இறால் போட்ட ஓலைப் பறியைக் கொண்டுவந்து, "இது அவுளுது" என்று வைத்துவிட்டுப் போவாள். குடத்து மேல் அவ்வளவு ஆசையா என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலையில் என் யோசனை செய்யும் அதிசயத்தைக் கண்ணால் பார்க்க ஏரிக்கே போனேன். பனிக்காற்று காதை அறுத்தது. தண்ணீருக்கு மேல் தலைகள் மட்டும் ஒரே வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தன. இறாலைப் போட்டுக்கொள்ளும் ஓலைப் பறியை ஒவ்வொருத்தியும் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளும் அடியில் சேற்றைத் தடவின. போ என்று சொல்லவும், போதும் என்று சொல்லவும் அங்கே யாருமில்லை. வெகுநேரம் கழித்துக் கரையேறினார்கள். உதடு கறுத்து, பல் கிட்டித்து, சுள்ளி மூட்டிக் குளிர் காய்ந்தார்கள்.

அந்த ஒல்லியான பெண் கரையில் உட்கார்ந்திருந்தாள். புடவை காய்ந்திருந்தது. ஒரு பாதம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, துணி சுற்றியிருந்தது. "கெளுத்தி முள்ளு ஏறிப்போச்சி பாய், ஞாயித்துக்கெழம" என்றாள்.

அப்படியானால் இவள் பேரில் வருகிற இறால்? நான் கேட்பதற்குள் நெருப்பருகில் இருந்த ஒருத்தி எழுந்தாள். நனைந்த புடவை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஒல்லிப் பெண்ணின் காலிப் பறியை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு, அந்தக் குளிர்ந்த தண்ணீரில் மறுபடி இறங்கிப் போனாள். யாரும் அவளை எழுப்பவில்லை. அவள் நடுங்கிக்கொண்டு திரும்பியதும் இன்னொருத்தி அதே பறியை வாங்கிக்கொண்டு இறங்கினாள். பிறகு மற்றொருத்தி. யா அல்லாஹ்!

"குடத்துக்காகவா?" என்று கேட்டேன்.

நெருப்பருகில் இருந்தவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "கொடமா? இவ வூட்ல ஒல வெக்க வாணாமா? நாளிக்கி எனுக்குக் குத்தினா இவதான பாய் எறங்குவா?"

என் குடத்தை ஒருத்தியும் நினைக்கவேயில்லை. ஏறிய வரத்து முழுக்க அந்த ஒரு பறியில் வந்ததுதான்.

சனிக்கிழமை முதலாளி வந்தார். எடையில் முந்தியவள் அவள்தான், கூப்பிட்டேன். மற்ற பெண்களோடு நொண்டிக்கொண்டே வந்தாள். "இந்தக் காலோட எப்டிம்மா எறங்கின?" என்றார் முதலாளி. போட்டி செல்லாது என்பாரோ, கொட்டகையை மூடிவிடுவாரோ என்று பயந்தேன்.

"நா எங்க சாமி எறங்கினேன்? பறி எனுது. கையி இவங்குளுது" என்றாள், மறைக்கத் தெரியாமல்.

நான் ஏரிக்கரையில் பார்த்ததைச் சொன்னேன். முதலாளி அந்தப் பெண்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தானே கயிற்றை அவிழ்த்துக் குடத்தை அவள் கையில் கொடுத்தார். "கொட்டகை இருக்கட்டும்யா" என்றார் என்னிடம். அதற்குப் பிறகு போட்டிப் பேச்சையே அவர் எடுக்கவில்லை.

"மகாராணி, இடுப்புல வெச்சி ஒரு நட நடந்து காட்டுடி!" என்று பெண்கள் கேலி செய்தார்கள். அவள் நொண்டி நொண்டி நடந்து காட்டிச் சிரித்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பிற்பாடு நானே பல பேரை வைத்து வேலை வாங்கியிருக்கிறேன். ஆளை எப்படி முடுக்குவது என்று எனக்குப் பாடம் எடுத்தவர்களுக்கும் குறைச்சலில்லை. மனிதரை வேலைக்கு எழுப்புவது எது என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் ஈரம் காயாத புடவையோடு ஒருத்தி நெருப்பை விட்டு எழுந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.