சுட்ட அப்பளம்

படுத்தால் மூச்சு முட்டியது. அதுதான் முதல் அறிகுறி. தச்சநல்லூர் வீட்டில் மூன்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டே தூங்கினேன். கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை. இதயச் செயலிழப்பு (இதயம் நின்றுபோவதல்ல, ரத்தத்தைத் தள்ளும் வலு குறைவது) என்றார்கள் ஆஸ்பத்திரியில். மாத்திரை தந்து, உப்பைக் குறைக்கச் சொன்னார்கள்.

உங்களுக்கும் இதே நோய் என்றால் அந்த அலுப்பு தெரியும். வெங்காயம் உரிப்பதே மலையைப் புரட்டுவது போல இருக்கும். நான் அடுப்படியில் நாற்காலி போட்டுக்கொண்டேன். ரேஷன் அரிசி, தொலி நீக்காத உளுந்து, பூண்டு, கொஞ்சம் தேங்காய், எல்லாம் ஒரே குக்கரில். உப்பு ஒரு கல்கூட இல்லை. சப்பென்ற அந்தச் சோற்றுக்குத் துணை, சுட்ட அப்பளம். பொரித்தால் எண்ணெய்ச் செலவு, நெஞ்சுக்கும் ஆகாது என்று தீயில் வாட்டிக்கொள்வேன்.

வீக்கம் வற்றவில்லை. அடுத்த முறை டாக்டரம்மா முகம் சுளித்தார்.

"உப்பு சேர்க்கிறீங்களா?"

"சத்தியமா இல்ல டாக்டர்."

"தொட்டுக்க என்ன?"

"அப்பளம். அதுவும் சுட்டதுதான்."

என் வீட்டுக்காரர் பெருமையாக இடைபுகுந்தார். "இவளுக்குப் பொறந்த ஊரு அப்பளத்துக்குப் பேர்போன கல்லிடைக்குறிச்சிலா. அவ அக்கா கட்டுக்கட்டா அனுப்புதா. ஒரு வேளைக்கு நாலஞ்சு இல்லாம இவளுக்குச் சோறு எறங்காது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அது பூரா உப்புதானேம்மா!"

எனக்கு அழுகை வந்தது, கூடவே எரிச்சலும். மாவில் உப்பும் அப்பளக்காரமும் (இதிலும் உப்பிலுள்ள அதே சோடியம்தான்) சேர்த்து இடிப்பதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் எங்கள் ஊரில் அப்பளத்தை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. இலை போட்டால் அப்பளமும் இருக்கும், அவ்வளவுதான்.

அப்பளத்தை விட்டேன். சோற்றில் எலுமிச்சை பிழிந்து, வறுத்த சீரகத்தைத் தூவிக்கொண்டேன். வீக்கம் மெல்ல வற்றியது. தலையணைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அலுப்பு மட்டும் போகவில்லை. ஒரு வேலைக்கும் அடுத்ததற்கும் நடுவே உட்கார்ந்து மூச்சு வாங்கும் நேரம்தான் இப்போது என் கடிகாரம்.

நேற்று மதியம் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால், அப்பளத்தைச் சோற்றுக்குள் புதைத்து, நமத்துப்போகவிட்டுத் தின்கிறார்.

"என்னங்க இது?"

"நொறுக்குனா உனக்குக் கேக்கும்லா."

"நல்லா நொறுக்கியே தின்னுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தேன். ஒரே தலையணை. மூச்சு முட்டவில்லை. அடுப்படியில் அப்பளம் நொறுங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனேன்.